நீச்சல் தெரியாது, வயது 51: ஐந்து நாள் பாய்மரப் படகுப் பயிற்சிக்குப் போகலாமா?

மஞ்சள் மண்டி, ஈரோடு:

என் மகன் இங்கிலாந்தில், சவுத்தாம்ப்டனில் வேலையில் இருக்கிறான். வரும் மே மாதம் அவனோடு ஒன்றரை மாதம் இருக்கப் போகிறேன். "நீ வந்தால் மூன்றாம் நாளே அடுப்படியில் புகுந்து டப்பாக்களுக்கெல்லாம் பெயர் ஒட்ட ஆரம்பித்துவிடுவாய், அதனால் உனக்கு ஒரு படிப்புக்குப் பணம் கட்டிவிட்டேன்" என்று போன வாரம் சொன்னான். தையலோ கேக்கோ என்று நினைத்தேன். பாய்மரப் படகாம். ஐந்து நாளும் படகிலேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்க வேண்டுமாம். 'காம்பிடென்ட் க்ரூ' என்று பெயர். ராயல் யாட்டிங் அசோசியேஷன் என்ற அமைப்பின் பாடத்திட்டம், முன் அனுபவமே தேவையில்லை என்று போட்டிருக்கிறது. அந்தத் 'தேவையில்லை'யை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் என் கேள்வி.

என் கடல் அனுபவத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முழங்கால் அளவு. திருச்செந்தூரில் அதற்கும் குறைவு. படகு என்றால் பவானி கூடுதுறையில் ஒரே ஒரு முறை பரிசல். விளிம்பைப் பிடித்த கையை அக்கரை போய்த்தான் எடுத்தேன். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அண்ணன்மார் இருவரும் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீச்சல் பழகினார்கள். எனக்கு மேட்டில் உட்கார்ந்து அவர்கள் துண்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

கணவர் போனபின் பதினோரு வருடமாக மண்டியை நான்தான் நடத்துகிறேன். நாள் முழுக்க நிற்பேன், ஆனால் வலது முழங்கால் படி ஏறினால் முனகும். சைவம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எட்டாவதை வாந்தியில்லாமல் தாண்டியதில்லை. கூட வருகிறவர்கள் ஆண்களா பெண்களா என்று தெரியாது. கழிவறை ஒன்றா இரண்டா என்று மகனிடம் கேட்டால் சிரிக்கிறான்.

யாராவது போய்வந்திருந்தால் மழுப்பாமல் சொல்லுங்கள். பணத்தைத் திரும்ப வாங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.


கைத்தறி, கரூர்:

நீச்சல் தெரியாமல் கடலில் இறங்குவது வேண்டாத வேலை. மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஈரோட்டில் நீச்சல் குளமா இல்லை? முதலில் அதைப் பழகுங்கள், பிறகு பாய், கயிறு எல்லாம். பணத்தைத் திரும்ப வாங்கி அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடுவது நல்லது. எனக்குப் படகு அனுபவம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


ரிக் வண்டி, திருச்செங்கோடு:

அம்மணி, இதே படிப்பை இதே மே மாதத்தில் இரண்டு வருடத்துக்கு முன்பு முடித்தவன் நான். அப்போது எனக்கு 57. சொந்தமாக இரண்டு ரிக் வண்டி, அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. மகள் போர்ட்ஸ்மவுத்தில் இருக்கிறாள், பணம் கட்டியவளும் அவள்தான். நம் பிள்ளைகள் எல்லோரும் கூடிப் பேசித்தான் இப்படிச் செய்கிறார்கள் போலிருக்கிறது.

முதலில் நீச்சல். கரூர்க்காரர் பழகச் சொன்னது நல்லதுதான், பழகுங்கள். ஆனால் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். மே மாதத்தில் அந்தக் கடல்நீர் 12 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் திடீரென்று விழுந்தால் முதல் ஓரிரு நிமிடம் கிணற்றில் குட்டிக்கரணம் அடித்தவனுக்கும் மூச்சு சொல்பேச்சு கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் மிதவைச் சட்டையைத்தான் நம்புகிறார்கள். கழுத்தைச் சுற்றி மடித்த துண்டு போல இருக்கும். நனைந்ததும் உள்ளே இருக்கிற சிறு வாயு உருளை திறந்து, தானே உப்பி, முகம் வானத்தைப் பார்க்கும்படி ஆளைப் புரட்டிவிடும். கால் இடுக்கில் வருகிற பட்டையை மட்டும் கூச்சப்பட்டு மாட்டாமல் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சட்டை மேலே ஏறும், ஆள் கீழே நழுவுவார். அலை அதிகமானால் இடுப்பிலிருந்து ஒரு வாரை எடுத்துப் படகில் மாட்டச் சொல்வார்கள். என்னுடைய பள்ளியில் நீச்சல் கட்டாயம் இல்லை. தெரியாது என்பதை முன்கூட்டியே எழுதித் தரச் சொன்னார்கள். நீங்களும் இப்போதே எழுதிவிடுங்கள்.

நான் செய்த முதல் தப்பு பெட்டி. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியோடு போய் நின்றேன். 37 அடிப் படகு, ஆறு பேர், அதில் அந்தப் பெட்டியை வைக்க இடமே இல்லை. துணிகளைக் காய்கறிப் பையில் மாற்றிக்கொண்டு பெட்டியை மகளின் காருக்குத் திருப்பி அனுப்பினேன். சுருட்டி மடிக்கக்கூடிய பைதான் வேண்டும். மழைக்கோட்டும் கால்சட்டையும் அவர்களே கொடுத்தார்கள். உள்ளே போட கம்பளி இரண்டு, காதை மூடும் தொப்பி, வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ. மே மாதம் என்றதும் நம் ஊர் மே மாதம் நினைவுக்கு வரும், அதை மறந்துவிடுங்கள்.

ஆறு பேரில் கற்றுக் கொடுத்தவர் ஒரு பெண், 26 வயது. மற்ற நால்வரில் இரண்டு பெண்கள். முன்பக்க அறையைப் பெண்களுக்குக் கொடுத்தார். எனக்கு நடுக்கூடத்தின் நீள இருக்கைதான் படுக்கை. இது எனக்குப் புதிதில்லை. 1986-இல் ரிக்கில் ஏறியபோது மத்தியப் பிரதேசத்தில் ஒன்பது பேரோடு வண்டியடியில் படுத்தவன்.

கழிவறை ஒன்று. அலமாரி அளவு இருக்கும். கைப்பம்பு அடித்து நீரை உள்ளே விட்டு, பிறகு பம்பு அடித்தே வெளியேற்ற வேண்டும். நீங்கள் வாயால் தின்னாத எதுவும் அதற்குள் போகக்கூடாது என்பது சட்டம். அடைத்துக்கொண்டால் அடைத்தவரே பிரித்து மாட்ட வேண்டும் என்பதால் எல்லோரும் சட்டத்தை மதித்தார்கள். ஒரு சிறிய பிளாஸ்டிக் குவளை கொண்டுபோங்கள். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, மழுப்பாமல் சொல்லச் சொன்னீர்கள் அல்லவா? நீங்கள் மண்டியில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர். உங்களுக்குக் கஷ்டம் வாயில்தான் வரப்போகிறது.

எனக்கு வந்தது இரண்டாம் நாள். படகைக் காற்றின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திருப்பும்போது முன்பாயை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுக்க வேண்டும். அந்தப் பாயை இழுக்கிற கயிற்றுக்கு 'ஷீட்' என்று பெயர். நமக்கு ஷீட் என்றால் தகரம், அதனால் முதல் நாள் பூராவும் நான் தேடியது வேறு. இழுத்த கயிற்றை வின்ச்சில், அதாவது கயிறு இழுக்க உதவும் சுழல் உருளையில், கடிகார முள் போகிற திசையில் சுற்ற வேண்டும். வின்ச் எனக்குப் பழகிய பொருள். ராடு தூக்கும் கம்பிக் கயிற்றில் விரல் இழந்தவனைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். 'இதை எனக்கா சொல்லித் தருகிறீர்கள்' என்ற நினைப்பில், கயிறு தொய்வாக இருக்கும்போதே நான்கு சுற்று போட்டுவிட்டேன். பாயில் காற்று ஏறியதும் சுற்றின் மேல் சுற்று ஏறிப் பூட்டிக்கொண்டது. இழுக்கவும் முடியாது, விடவும் முடியாது. எதிர்ப்பக்கம் ஒரு வங்கிக்காரர் நின்றார். அவரைப் பார்த்து, 'விடுய்யா, விடு!' என்று கத்தினேன். தமிழில்தான். என் குரலின் வேகத்தைப் பார்த்து அந்த மனிதர் கையிலிருந்த வேறு ஏதோ கயிற்றை விட்டார். நடுப்பாய் படாரென்று வெளியே பறந்தது.

கற்றுக் கொடுத்த அந்தப் பெண் கத்தவில்லை. படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பினார். இரண்டு பாயும் சடசடவென்று அடித்துக்கொண்டு வேகம் இழந்தன, படகு நின்றது. பூட்டிய கயிற்றை மெதுவாக எடுத்துவிட்டு, படகில் ஒரு குரல் போதும் என்றார். அன்று மாலை வரை எனக்கு ஒரே வசனம் கொடுத்தார். திருப்பப் போகிறேன், தயாரா என்று சுக்கான் பிடித்தவர் கேட்பார். 'தயார்' என்று நான் சொல்ல வேண்டும். வேறு பேச்சு கூடாது.

எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். முப்பது ஆளுக்குச் சம்பளம் போடுகிறவன், மகள் வயதைவிடக் குறைந்த பெண்ணிடம் வாய் பொத்தி நிற்கிறேன். இரவு படுக்கையில்தான் யோசித்தேன். என் வண்டிக்குப் புதுப் பையன் வந்தால் முதல் மாதம் என்ன செய்வோம்? கிரீஸ் டப்பா தூக்கு, பாத்திரம் கழுவு, கம்ப்ரஸர் சத்தத்தில் டிரில்லரின் கையை மட்டும் பார், வாயைத் திறக்காதே. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மறுநாள் காலை யாரும் சொல்லாமல் எழுந்து பாத்திரத்தைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் சொல்வது காதில் ஏற ஆரம்பித்தது.

முடிச்சு உங்களுக்கு எளிதாக வரும். முளைக்குச்சியில் இரண்டு சுற்றுப் போட்டுக் கயிற்றை அடியில் செருகி மாட்டைக் கட்டுவோமே, கிட்டத்தட்ட அதேதான் அங்கே படகோரத்தில் இடி தாங்கும் காற்றுப் பந்து கட்டும் கட்டு. 'பௌலைன்' என்ற ஒன்றை மட்டும் இப்போதே பழகுங்கள். எவ்வளவு இழுத்தாலும் வளையம் சுருங்காது, வேலை முடிந்தால் விரலால் அவிழும். எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் சுக்கான் கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் நான் ஓட்டிய தடம் மாடு மூத்திரம் பெய்துகொண்டே போன மாதிரி வளைந்து கிடந்தது. லாரி போல உடனே திருப்பக்கூடாது; கொஞ்சம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அன்றுதான் நீரோட்டத்தையும் பார்த்தேன். வைட் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள கால்வாய் போன்ற கடல் அது, சோலென்ட் என்று பெயர். தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். ஹர்ஸ்ட் என்ற குறுகலில் மணிக்கு 4 கடல் மைல் வேகம் வரை இழுக்கும். முன்னால் நுரை தெறிக்கிறது, பாய் முட்டக் காற்று, ஆனால் கரையில் இருக்கிற மரம் அரை மணி நேரமாக அதே இடத்தில் நிற்கிறது. நேரத்தைப் பார்த்துக் கிளம்பாததன் பலன். அதைக் காட்டுவதற்காகவே அவர் எங்களை அங்கே கொண்டு போனார் என்று பிறகு தெரிந்தது.

ஒரு ராத்திரி இருட்டிலும் ஓட்டினோம். துறைமுகத்துக்குள் நுழையும்போது இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. ஆபத்தான இடத்தைச் சுற்றி வெள்ளை விளக்கு மிதவைகள் உண்டு. அவற்றைப் படிக்கிற வித்தை எனக்கு மிகவும் பிடித்தது: ஆபத்துக்குக் கிழக்கே நிற்கிற மிதவை என்றால் மூன்று மின்னல், மேற்கு என்றால் ஒன்பது, தெற்கு ஆறும் கூடவே ஒரு நீள மின்னலும், வடக்கு விடாமல் மின்னும். கடிகாரத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

பரீட்சை கிடையாது. ஐந்து நாளும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் சிறு புத்தகத்தில் கையெழுத்து. முழங்காலைப் பற்றிக் கேட்டீர்கள். கீழே இறங்கும் படி செங்குத்து, ஏணி மாதிரி முதுகைக் காட்டி இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது ஏறி இறங்குவீர்கள். இப்போதிருந்தே மருத்துவரிடம் காட்டி அதற்கு வேண்டியதைச் செய்யுங்கள். உண்மையான தடை என்று நான் நினைப்பது அது ஒன்றைத்தான்.


காற்றாடி, உடுமலை:

ரிக் அண்ணன் ருசித்து எழுதிவிட்டார். நான் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவன், சென்னையில் இரண்டு பேர் உட்காரும் சின்னப் பாய்ப்படகில் சில வாரக் கடைசிகள் பழகியிருக்கிறேன். காற்றைப் பற்றி மட்டும் கொஞ்சம்.

காற்று பாயைத் தள்ளுகிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். பின்னாலிருந்து வந்தால் மட்டும்தான் அது சரி. பக்கவாட்டில் வரும்போது பாய் வேலை செய்வது எங்கள் காற்றாலை இறக்கை மாதிரி: வளைந்த பரப்பின் இரு பக்கமும் காற்று வேறு வேறு வேகத்தில் ஓடும், அந்த அழுத்த வித்தியாசம் இழுக்கும். அடியில் இருக்கிற கனமான துடுப்பு போன்ற பகுதி பக்கவாட்டில் நழுவாமல் தடுப்பதால் அந்த இழுவை படகை முன்னால் கொண்டு போகும். காற்றுக்கு நேர் எதிரே மட்டும் எந்தப் படகும் போகாது. இரு பக்கமும் சுமார் 45 டிகிரி விட்டு, திம்பம் ஏறுகிற மாதிரி வளைந்து வளைந்துதான் மேலே ஏற வேண்டும். அண்ணன் வின்ச்சில் சிக்கியது அப்படி ஒரு திருப்பத்தில்.

இன்னொன்று. வேகம் அதிகமான காற்று அடித்தால் காற்றாலையில் கணினி இறக்கையை முறுக்கிக் காற்றை நழுவ விடும். பெரும்பாலான இயந்திரங்கள் வினாடிக்கு 25 மீட்டருக்கு மேல் தாமாகவே நின்றுவிடும். படகில் அந்தக் கணினி உங்கள் கைதான். படகு அதிகம் சாய்கிறது, பயமாக இருக்கிறது என்றால் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துங்கள், உடனே நிமிரும். இதை முதல் நாளே ஒரு முறை செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். எனக்குப் பாதிப் பயம் அதிலேயே போயிற்று. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் மொபெட் ஓட்டியிருப்பீர்கள் அல்லவா? ஓட்ட ஓட்டக் காற்று முன்னால் நகர்ந்து வருவது போலத் தோன்றும். படகிலும் அப்படியே தோன்றும், குழம்ப வேண்டாம்.

அண்ணன் தேடிய 'ஷீட்'டுக்கு நம் கடற்கரையில் 'தாமான்' என்று பெயர். பாயை மேலே ஏற்றும் கயிறு 'ஆஞ்சான்'. மகனிடம் சொல்லிப் பாருங்கள், அவனுக்குத் தெரியாது.

வயது, நீச்சல் எல்லாம் நினைத்துத் தயங்குகிறீர்கள். தயக்கம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்: நம் கடற்படையின் தில்னாவும் புதுச்சேரிக்காரர் ரூபா அழகிரிசாமியும் 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவில் கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29-ஆம் தேதி அங்கேயே வந்து சேர்ந்தார்கள். இரண்டே பேர். உங்களுக்கு ஐந்து நாள், ஐந்து துணை, தினமும் சாயங்காலம் கரை.


மருந்துக்கடை, பொள்ளாச்சி:

வாந்திக்கு மட்டும் வருகிறேன். அங்கே படகுக்காரர்கள் பலர் எடுப்பது சின்னாரிசின். குமட்டல் வந்தபின் எடுத்தால் பிரயோஜனம் குறைவு, முன்பே வயிற்றில் இருக்க வேண்டும். சிலருக்குத் தூக்கம் வரும், வேறு மாத்திரைகளோடு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம், ஆகவே உங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அவர் சரி என்றால் ஒரு முறை திம்பத்தில் சோதித்துப் பாருங்கள். எட்டாவது வளைவைத் தாண்டினால் எனக்கும் தெரியப்படுத்துங்கள். படகில் கீழே குனிந்து எதையும் தேடாதீர்கள், தொலைவில் வானம் தொடும் கோட்டைப் பாருங்கள், வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். சுக்கான் பிடிப்பவருக்குக் குமட்டல் குறைவு, எனவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.


மஞ்சள் மண்டி, ஈரோடு:

எல்லோருக்கும் நன்றி. பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. நீச்சல் தெரியாது என்று பள்ளிக்கு நேற்று எழுதிவிட்டேன், பரவாயில்லை, வரலாம் என்று பதிலும் வந்துவிட்டது. முழங்காலுக்கு வரும் வியாழன் மருத்துவரைப் பார்க்கிறேன்.

ரிக் அண்ணா, வாய் விஷயம் படித்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மண்டியில் என் கணக்குப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். மனிதர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். 'தயார்' என்று மட்டும் சொல்லி இன்றைக்கு ஒரு நாள் இருந்து பார்க்கிறேன் என்றேன். பத்தரை மணிக்கு ஏலம் ஆரம்பித்தது, பத்து முப்பத்தைந்துக்குத் தோற்றுவிட்டேன்.

சாப்பாட்டை மட்டும் நீங்கள் சொல்லவில்லை. சைவத்துக்கு வழி உண்டா? நான் சமைக்கலாமா?


ரிக் வண்டி, திருச்செங்கோடு:

தாராளமாகச் சமைக்கலாம். முறை வைத்துத்தான் சமைப்போம், உங்கள் முறையில் உங்கள் சமையல். சைவம் என்று முன்பே எழுதிவிட்டால் அதற்கேற்ப வாங்கி வைப்பார்கள். எனக்கு நான்காம் நாள் மாலை, பியூலி ஆற்றுக்குள் படகை மிதவையில் கட்டியபின் முறை வந்தது. மகள் வீட்டிலிருந்து சின்னக் குக்கர், பருப்பு, சின்ன வெங்காயம், வரமிளகாய் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். அரிசிம்பருப்பு வைத்தேன்.

அடுப்பு ஊஞ்சல் மாதிரித் தொங்கும்; படகு சாய்ந்தாலும் அது நேராகவே இருக்கும், பாத்திரத்தைக் கம்பியால் இறுக்கிக்கொள்ளலாம். முக்கியமானது வாயு. கசிந்தால் நம் வீடு போலக் கதவு வழியே போகாது. காற்றைவிடக் கனம் என்பதால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும். அதனால் சமைத்து முடித்ததும் அடுப்பை மட்டும் அணைத்தால் போதாது, குழாய் வால்வையும் மூட வேண்டும். முதல் நாளே இதைப் பயமுறுத்திச் சொல்லி வைத்திருப்பார்கள். வாயு கசிந்தால் அலறும் கருவியும் ஒன்று உண்டு.

அவ்வளவு பயமுறுத்தி வைத்த படகில்தான் என் குக்கர் முதல் விசில் அடித்தது. வங்கிக்காரர் மிதவைச் சட்டையோடு மேலே ஓடினார். ஒரு பெண் தீயணைப்பானைக் கையில் எடுத்துவிட்டார். அதுவரை குரலை உயர்த்தாத அந்த ஆசிரியர் அன்றுதான் கத்தினார். நான் வால்வை மூடிவிட்டு, இன்னும் இரண்டு வரும் என்று எப்படிச் சொல்வது எனத் தெரியாமல் நின்றேன்.

நெய் விட்டுப் பரிமாறியதும் எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நீங்கள் அடுப்பில் வைக்கும்போது எத்தனை விசில் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.